ஃபர்ஸ்ட் குரூப் எங்கிருந்து வந்தது?

சித்தப்பா பையனுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். "எந்த குரூப் எடுக்கறான்?"

தம்பிக்கு நல்ல மார்க். கணக்கில் ரொம்ப நல்ல மார்க். அதனால் சித்தப்பா கம்ப்யூட்டர் குரூப் என்கிறார். சித்தி, பயாலஜி எடுத்தால் டாக்டருக்கும் பார்க்கலாமே என்கிறார். ஆத்தா மட்டும், "எல்லாரும் டவுனுக்குப் போயிட்டா தோட்டத்த ஆருடா பாக்கறது?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டு போய்விட்டது. பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. வாடல் நோய் வந்து மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறோம். தம்பி என்னிடம் தனியாக வந்து கேட்டான்: "ஏண்ணா, மரம் ஏன் சாவுதுன்னு படிக்கறதுக்கு எந்த குரூப் எடுக்கோணும்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நானே போன வருசம் குழம்பிப்போய்க் கணக்கு-பயாலஜி எடுத்தவன். அதனால் இந்த குரூப் என்ற சமாச்சாரம் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததை எழுதுகிறேன். பிளஸ் ஒன் சேரப்போகும் யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

பெரியப்பாவின் அரைக்கால் டவுசர்

எங்கள் பெரியப்பா தமிழ்நாட்டின் முதல் பிளஸ் ஒன் செட். 1978. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் 11 வருசம். பதினொன்றாவது முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. அப்புறம் ஒரு வருசம் பி.யு.சி., அதை காலேஜில் படிக்க வேண்டும். அதன் பிறகு மூன்று வருசம் டிகிரி. பி.யு.சி.க்கும் முன்னால், 1950களின் நடுப்பகுதி வரை, இரண்டு வருச இன்டர்மீடியட் இருந்தது. கோயமுத்தூர் அரசு கலைக் கல்லூரியில் இன்டர் படித்தேன் என்று சொல்லும் தாத்தாக்கள் அந்தக் காலத்து ஆட்கள்.

பெரியப்பாவின் அண்ணன்மார்கள் எல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வேட்டி கட்டிக்கொண்டு காலேஜ் போனவர்கள். பெரியப்பா பத்தாவது முடித்தபோது திட்டமே மாறிவிட்டது. 10+2+3 வந்தது. பி.யு.சி. போய், பள்ளிக்கூடத்திலேயே இன்னும் இரண்டு வருசம் சேர்ந்தது. "காலேஜ் போலாம்னு இருந்தவனத் திரும்ப டவுசர் போட வெச்சுட்டாங்க" என்று இன்னமும் புலம்புவார். அந்த முதல் செட் 1980ல் பிளஸ் டூ பரீட்சை எழுதியது.

பக்கத்துக் கேரளாவில் இப்படி உடனே செய்யவில்லை. அங்கே ப்ரீ டிகிரி என்ற பெயரில் 2000 வாக்கில்தான் அது காலேஜை விட்டு முழுதாக வெளியே வந்தது. ஆந்திராவில் இன்டர்மீடியட் என்ற பெயரும் ஜூனியர் காலேஜும் இன்றைக்கும் இருக்கின்றன. வாளையாறு தாண்டினால் வேறு கதை.

பெயரும் பழசுதான். கணக்கு, இயற்பியல், வேதியியல் என்றால் ஃபர்ஸ்ட் குரூப். உயிரியல் பக்கம் போனால் செகண்ட் குரூப். காலேஜ் காலத்திலேயே இருந்த இந்தப் பழக்கம் அப்படியே பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. ஃபர்ஸ்ட் என்பது வெறும் வரிசை எண். ஆனால் நம் ஊரில் அது ராங்க் மாதிரி ஆகிவிட்டது. ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதவன் ஏதோ தோற்றுப்போனவன் என்று சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள்.

13 வயசா, 15 வயசா?

15 வயசில் வாழ்க்கையை முடிவு பண்ணச் சொல்கிறார்களே என்று நாம் எல்லோரும் திட்டுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இது 13 வயசிலேயே நடந்திருக்க வேண்டியது!

1952ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கு ஒரு கமிஷன் போட்டது. தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் டாக்டர். 1953ல் அறிக்கை வந்தது. எல்லாப் பையன்களையும் ஒரே பாடத்தைப் படிக்க வைத்து, எல்லோரையும் குமாஸ்தா ஆக்குவது தப்பு என்பது அதன் கவலை. அதனால் உயர்நிலைப் பள்ளியிலேயே பிரித்துவிடலாம் என்று ஏழு பிரிவுகள் சொன்னது: கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல்.

அடுத்து 1964ல் டி.எஸ். கோத்தாரி தலைமையில் இன்னொரு கமிஷன் வந்து, 1966ல் அறிக்கை கொடுத்தது. இவர் இயற்பியல்காரர். இவ்வளவு சின்ன வயசில் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள், பத்தாவது வரை எல்லோரும் எல்லாம் படிக்கட்டும், அதற்கு அப்புறம் பிரியட்டும் என்றது அந்த அறிக்கை. நம்முடைய 10+2+3 இதிலிருந்து வந்ததுதான். அதாவது இன்றைக்கு நம்மை மிரட்டும் இந்த முறை, ஒரு காலத்தில் நமக்கு இரண்டு வருசம் கூடுதலாக யோசிக்கக் கொடுத்த சலுகை. இது தெரிந்தபோது எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது.

அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

குரூப் மட்டும் காரணம் இல்லை. அதற்கு மேல் உட்கார்ந்த அட்மிஷன் முறைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1984 வாக்கில் மருத்துவம், பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அதே 1984ல் கோவையில் குமரகுரு, பெருந்துறையில் கொங்கு என்று சுயநிதி பொறியியல் கல்லூரிகள் ஆரம்பமாயின. அதுவரை, வேளாண் பொறியியலை விட்டுவிட்டால், கோவையில் ஜி.சி.டி. (1945), பி.எஸ்.ஜி. டெக் (1951), சி.ஐ.டி. (1956) என்று மூன்று கல்லூரிகள்தான். கோவை மருத்துவக் கல்லூரி 1966ல் வந்தது. அதாவது பெரியப்பா காலத்தில் எஞ்சினியர் சீட் என்பது எட்டாக்கனி. எங்கள் அப்பா காலத்தில் பணம் புரட்டினால் கிடைக்கும் என்று ஆனது. தோட்டத்தை விற்றாவது படிக்க வைத்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

2006ல் சட்டம் போட்டு, 2007 முதல் நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். அப்புறம் பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. மருத்துவத்துக்குக் கணக்கு இருந்த இடத்தில் உயிரியல். கட் ஆஃப் என்ற வார்த்தை டீக்கடை வரை வந்த காலம் அது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள் மாநிலம் முழுக்கப் பேர் வாங்கின. பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருசமும் நடத்தினார்கள்.

அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 1200 மார்க் 600 ஆனது. அதற்கு முந்தைய வருசமே, 2017ல், மருத்துவத்துக்கு நீட் வந்து பிளஸ் டூ உயிரியல் மார்க்கை ஒன்றுமில்லாமல் செய்துவிட்டது. 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத் தேர்வைக் கைவிடுவதாகச் சொன்னது. ஆக, 1984லிருந்து பார்த்தால், அண்ணன் போன பாதையில் தம்பி போக முடிந்ததே இல்லை. பெரியவர்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் அவர்கள் காலத்து விதிகளுக்குத்தான் பொருந்தும். அவர்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் விதி மாறிவிட்டது.

கோயமுத்தூர்க்காரர்கள் என்ன குரூப்?

இதையும் யோசித்துப் பார்த்தேன். ஜி.டி. நாயுடுவை எந்த குரூப்பில் சேர்ப்பது? 1893ல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் சோதனை செய்தார். மெக்கானிக்கலா, எலக்ட்ரிகலா, அக்ரியா? 1945ல் இன்றைய ஜி.சி.டி. ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியபோது அதற்கு உதவியவரும் முதல்வராக இருந்தவரும் அவர்தான். நாலு வருசப் படிப்பு வீண், இரண்டு வருசம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. விலகிவிட்டார்.

அவர் மாதிரி எல்லோரும் ஆகிவிட முடியாது. டிகிரி இல்லாமல் ஜெயித்த ஒருவரைக் காட்டிப் படிப்பே வேண்டாம் என்பதும் ஏமாற்று வேலை. அதனால் படித்து வந்தவர்களையும் பார்ப்போம்.

கோவையில் 1912ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. நம் ஊர்க் கரும்பு தடியாக, இனிப்பாக இருக்கும். வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நல்ல கரும்பை, காட்டில் தானாக முளைக்கும் நாணல் மாதிரியான இனத்தோடு சேர்த்து ஒட்டினார்கள். அப்படிப் பிறந்த கோ 205 பஞ்சாபுக்காக 1918ல் வெளியானது. அந்தக் 'கோ' என்பது கோயமுத்தூர். 1930களில் இதே நிலையத்தில் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். தாவரவியல் படித்த இவர்களில் யாரும் எம்.பி.பி.எஸ். இல்லை. ஆனால் அந்தக் கரும்பு எத்தனை லட்சம் விவசாயிகளுக்குச் சோறு போட்டிருக்கும்! பயாலஜி என்றாலே டாக்டர் என்று நாம் சுருக்கிவிட்டது எவ்வளவு பெரிய தப்பு.

1906 வாக்கில் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்த விவசாயக் கல்லூரிதான் 1971ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. மருதமலை ரோட்டில் பஸ்ஸில் போகும்போது நாம் ஜன்னல் வழியாகப் பார்க்கிற வயல்கள் அவர்களுடையவைதான்.

தம்பிக்குச் சொன்னது

கடைசியில் தம்பியை உட்கார வைத்து, ஒவ்வொரு குரூப்பும் எந்தக் கதவை மூடுகிறது என்று ஒரு பேப்பரில் எழுதினோம். கணக்கு இல்லாவிட்டால் பெரும்பாலான பொறியியல் போச்சு. பயாலஜி இல்லாவிட்டால் மருத்துவமும் விவசாயமும் கஷ்டம். (பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைத் தனிப்பாடமாக எழுதினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023ல் சொன்னது. ஆனால் அது சுற்றுவழி.) காமர்ஸ் எடுத்தால் இரண்டும் போச்சு. ஆனால் சி.ஏ., பி.காம். படிக்க அடித்தளம் கிடைக்கும். சட்டம், பி.ஏ., யு.பி.எஸ்.சி. எல்லாம் எந்த குரூப் எடுத்தாலும் மூடாது. இந்தக் கடைசி வரி எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. எனக்கும் போன வருசம் தெரியாது.

தம்பி பேப்பரைப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு பயாலஜி வேணும். கணக்கும் புடிக்கும், அதையும் எடுத்துக்கறேன்" என்றான். பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப்தான் தருவோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். சித்தப்பா இரண்டு நாள் அலைந்து மாற்றிக் கொடுத்தார். தோப்பில் இன்னொரு மரம் போன வாரம்தான் வெட்டினார்கள். அதனால்தானோ என்னவோ அவரும் மறுத்துப் பேசவில்லை.

நானும் அதே குரூப்தான். ஆனால் நான் எடுத்தது பயந்துபோய். எந்தக் கதவு வழியாகவும் போகும் ஆசை இல்லாமல், எல்லாக் கதவையும் திறந்து வைத்தேன். ஆறு பாடம், இரண்டு ட்யூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். இதற்கு நடுவில் ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து இப்படிப் பழைய கமிஷன் அறிக்கைகளைப் பற்றித் தேடிப் படிக்கும்போதுதான் நேரம் போவதே தெரியவில்லை. அதைக் கவனித்த பிறகு எனக்கே கொஞ்சம் புரிந்தது.

பிளஸ் டூ முடித்ததும் பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவரும் இதைப் படிப்பார் என்று தெரியும். அப்பா, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் முடிந்து வந்ததும் பேசலாங்களா?