இரட்டைக் குழல் துப்பாக்கியின் காலமும் விலையும்

முன்னோர் வைத்துச் சென்ற இரட்டைக் குழல் துப்பாக்கி நம் அங்கத்தினர் சிலர் இல்லங்களில் இருத்தல் கூடும். மேலே பொறித்துள்ள பெயரைக் கண்ட அளவிலே அதன் விலையைத் துணிதல் தகாது. பெல்ஜியத்து லியேழ் நகரிற் செய்த மலிவான துப்பாக்கிகள் பல, புகழ்பெற்ற இங்கிலீஷ்த் தொழிலாளர் பெயர்களை ஒத்த பெயர்களைத் தாங்கிப் பிற நாடுகளுக்குச் சென்றன.

மெய் கூறுவது குழலின் அடிப்பாகத்திலுள்ள சோதனை முத்திரையே. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்தது. லியேழ் முத்திரை நீள்வட்டத்துள் ஈ, எல், ஜி என்னும் மூன்றெழுத்துடையது. அதன்மேல் முடி காணப்படின் அது 1893-க்கு முற்பட்டதன்று.

அமைப்பும் காலத்தை உணர்த்தும். குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிப்பது பழைய முறை. சுத்தி உள்ளடங்கிய எளிய அமைப்பொன்றை ஆன்சன், டீலி என்னும் இருவர் 1875-இற் பதிவு செய்தனர். அதன் பின்னரே அவ்வகை பெரிதும் பரவியது.

இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில் அலைபோன்ற வரிகள் தோன்றும். பழைய கரிமருந்துக்கே சோதிக்கப்பட்ட அத்தகைய குழலில் இக்காலத்துப் புகையில்லாத் தோட்டாவை இட்டுச் சுடின் அது வெடித்துக் கையையும் கண்ணையும் போக்கும். அழகு கருதித் தேய்த்து மெருகிடுதலும் கூடாது. பழைய பொறிப்பும் நிறமும் அழிய, விலையும் குன்றும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸையும் நோக்குக. முத்திரை கண்டு, வல்லார் வாய்க் கேட்டு, பின்னரே விற்றலும் வைத்தலும் செய்க என்பதே யாம் வேண்டுவது.