பிலிமுக்குத் திரும்புதல்: ஆலை இல்லாத வரலாறு

டிஜிட்டலில் பல வருஷம் படமெடுத்துச் சலித்தவர்கள் மறுபடி பிலிம் ரோலைத் தேடுகிறார்கள். நிதானம், கைவேலை, 'உண்மை' என்றெல்லாம் காரணம் சொல்லப்படுகிறது. டிஜிட்டல் வந்தது, பிலிம் செத்தது, ரசனை அதற்கு உயிர் கொடுத்தது என்பதாக ஒரு வரலாறும் கூடவே கட்டமைக்கப்படுகிறது. இந்தச் சொல்லாடலில் காணாமல் போயிருப்பது ஆலையும் அதில் வேலை பார்த்தவர்களும்.

பிலிமுக்கென்று தனி 'உண்மை' எதுவும் கிடையாது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பின மக்கள்மீது சுமத்திய பாஸ் புத்தகங்களில் ஒட்டிய முகங்களை எடுக்க உதவியது போலராய்ட். 1970இல் அதை அம்பலப்படுத்தியவர்கள் அந்தக் கம்பெனியின் கறுப்பின ஊழியர்களான கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும். 1977இல் போலராய்ட் அந்நாட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது.

அதே போலராய்ட் 2008இல் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. நெதர்லாந்தின் என்ஷெடே ஆலை இயந்திரங்கள் பழைய இரும்பாகப் போக இருந்தன. புளோரியன் காப்ஸும், அங்கே உற்பத்தியைக் கவனித்துவந்த ஆந்த்ரே போஸ்மனும் அவற்றை வாங்கினார்கள். பழைய ஊழியர்கள் சிலரும் சேர்ந்தார்கள். வேதிப்பொருள் கொடுத்துவந்தவர்கள் கடையைக் கட்டியிருந்ததால் கலவையையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010இல் வந்த பிலிம், கேமராவிலிருந்து வெளிவரும்போதே வெளிச்சம் படாமல் பொத்திப் பிடிக்க வேண்டிய சவலைப் பிள்ளை. ஆனாலும் வந்தது. இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த கையும் ஓரிடத்தில் மிஞ்சியிருந்ததால் வந்தது.

நம்ம ஊட்டியில் என்ன நடந்தது? 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. 1996லேயே அது நலிந்த தொழிற்சாலை என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்போது நம் ஸ்டூடியோக்களில் டிஜிட்டல் கேமரா ஏது? விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன், அதன்மீது ஏறிய வட்டி, திறந்துவிடப்பட்ட இறக்குமதி எல்லாம் சேர்ந்து ஆலையை முடக்கின. 'டெக்னாலஜி மாறிப்போச்சு' என்பது, மனிதர்கள் எடுத்த முடிவுகளைப் புயல் வெள்ளம் போலக் காட்டுகிற பேச்சு. 2014இல் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் தர மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. யாருடைய விருப்பம்?

இன்று ரோல் வாங்குகிறவர், அது எந்த நாட்டு ஆலையில் செய்யப்பட்டதென்று உறையைத் திருப்பிப் பார்க்கட்டும். அவர் பிலிமுக்குத் திரும்பலாம். ஊட்டியில் இருட்டறைக்குள் பிலிம் செய்தவர்கள் எங்கே திரும்புவது?