எட்வர்டு ரோஜாவின் ஊர் எது?

நம்ம ஊர் பூக்கடையில் வருஷம் முழுக்க ரோஜா கிடைக்குது. ஆடி, மார்கழி என்ற பேதமே இல்லை. அதுதான் ரோஜாவின் இயல்பு என்று நினைச்சுக்கிட்டிருக்கோம். உண்மையில் அது ஒரு பழுது. நல்ல பழுது!

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரே தடவைதான் பூக்கும். கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள், அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் மறுபடி பூக்கிற டமாஸ்க் வகை ஒன்று இருந்தது. அதையே அதிசயமாகப் பார்த்தார்கள்.

காரணம் செடிக்குள்ளேயே இருக்கு. காட்டு ரோஜாவில் கேஎஸ்என் என்றொரு மரபணு. ஒரு சுற்று பூத்து முடிந்ததும் 'போதும்' என்று மொட்டு வைப்பதைத் தடுத்துவிடும். சீனத்து ரோஜாவில் இந்த மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து உட்கார்ந்துகொண்டது. தடுப்பு வேலை செய்யலை. புதுத் தளிர் விட்டால் நுனியில் மொட்டுதான். 2012-ல்தான் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் சீனத்துத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தச் செடியை அடையாளம் கண்டு காப்பாற்றிவிட்டார்கள். விதை போட்டால் குணம் மாறிப்போகலாம். கொம்பு வெட்டி நட்டு நட்டுத்தான் அதே செடியைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்த முடியும்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ரோஜாக்கள் கப்பலேறி ஐரோப்பா போயின. சில வகைகள் கல்கத்தா தாவரவியல் தோட்டம் வழியாகப் போனதால், பிரெஞ்சுக்காரர்கள் இவற்றுக்கு 'வங்காள ரோஜா' என்று பேர் வெச்சாங்க. அதற்கு முன்பே, 1753-ல், லின்னேயஸ் ஒரு சீன ரோஜாவுக்கு 'ரோஸா இண்டிகா' என்று பெயரிட்டிருந்தார்!

அடுத்த கதை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் நடக்குது. அப்போது அதன் பெயர் பூர்போன். அங்கே டமாஸ்க் ரோஜாவையும் சீன ரோஜாவையும் சேர்த்து வேலியாக நட்டிருந்தார்கள். இரண்டும் தானாகவே கலந்து ஒரு புதுச் செடி முளைத்தது. 1817-ல் அங்கே வந்த பிரெஞ்சு தாவரவியலாளர் பிரியோன் அதைக் கவனித்து, அதன் விதைகளைப் பாரிஸுக்கு அனுப்பினார். டமாஸ்கின் வாசனை, சீனத்தின் ஓயாத பூப்பு, இரண்டும் ஒரே செடியில்.

தீவில் அதன் பெயர் 'ரோஸ் எதுவார்'. நம்ம வாயில் அதுவே எட்வர்டு ரோஜா. மாலைக்குக் கட்டுகிறோமே, அதேதான். எட்வர்டு என்றதும் ஆங்கிலேய ராஜாவைத் தேட வேண்டாம்.

வங்காளம், இந்தியா, பூர்போன், எட்வர்டு என்று எல்லாருக்கும் இந்தப் பூவில் பேர் கிடைச்சிருக்கு. முதலில் கொம்பு வெட்டி நட்ட அந்தச் சீனத்துத் தோட்டக்காரரின் பேர்தான் எங்கேயும் இல்லை.