தந்தி நாடாவும் வலைக்கருவித் தடப்பதிவும்

சென்னையிலிருந்து பினாங்கு வரையிலும், பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரையிலும் கடலடித் தந்திவடம் இடப்பட்டது 1870-71-ஆம் ஆண்டுகளில் ஆகும். கப்பலேறி நாள்கணக்கில் வந்த செய்தி, அதன்பின் மணிக்கணக்கில் வரலாயிற்று. அந்த விரைவைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். வந்த செய்திக்குச் சான்று எவ்வாறு காக்கப்பட்டது என்பதோ அருகியே பேசப்படுகிறது. இன்று நம் பள்ளிகளின் கணினிக்கூடங்களில் இயங்கும் ரௌட்டர், சுவிட்ச் முதலிய வலைக்கருவிகளில் தடப்பதிவை அமைக்கும் முறைக்கு அதுவே முன்வரலாறு.

நெடுந்தொலைவு கடந்துவரும் மின்குறி மிக மெலிந்தது. அதனை உணர்வதற்கு, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பெற்ற வில்லியம் தாம்சன், 1858-இல் ஆடி மின்னோட்டமானியை உருவாக்கினார். சிறு கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி இடமும் வலமும் அசையும். ஒருவர் அதனை நோக்கி எழுத்தெழுத்தாகச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொள்வார். புள்ளி மறைந்ததும் சான்றும் மறைந்துவிடும். பிழை அனுப்பியவருடையதா, வடத்தினுடையதா, பார்த்தவருடையதா என்று பிரித்தறிய வழியில்லை. 1867-இல் அவர் காப்புரிமை பெற்ற மைக்குழல் பதிவி இக்குறையை நீக்கியது. மெல்லிய கண்ணாடிக்குழல் ஒன்று, நகரும் காகித நாடாவின்மீது மையால் நெளிகோடு வரைந்தது. ஐயம் எழுந்தபோது நாடாவை மீண்டும் எடுத்துப் படிக்க முடிந்தது.

இதே தேவை கணினி வலைகளிலும் எழுந்தது. 1980-களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளின் பகுதியாக ‘சிஸ்லாக்’ முறையை வகுத்தார். அது நிகழ்ச்சிகளை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பகுக்கிறது. 0 பேரவசரம், 3 பிழை, 5 குறிப்பிடத்தக்க நிகழ்வு, 6 வெறுந்தகவல், 7 பிழைதேடுவோர்க்குரிய நுண்விவரம். பிழைகளை மட்டும் பதியுமாறு அமைத்தால், பிழைக்கு முன்னர்த் தோன்றிய அறிகுறிகள் கிட்டா. அனைத்தையும் பதியுமாறு அமைத்தால், கருவி அவ்வேலையிலேயே திணறும். வேண்டிய வரியும் வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே அன்றாடத்திற்கு 5 அல்லது 6-ஆம் நிலையைக் கொள்வதும், கோளாறு ஆராயும்போது மட்டும், ஐயத்திற்குரிய பகுதிக்கு மட்டும் 7-ஆம் நிலையைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடுவதும் நன்முறையாகும்.

பதிவை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. இதற்கு முதல் உலகப்போர் ஒரு பாடம் தருகிறது. 1914 செப்டம்பர் 22-இல் சென்னையைத் தாக்கி, தமிழ்ப் பேச்சுவழக்கிலேயே இடம்பெற்றுவிட்ட ‘எம்டன்’, அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில் போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ‘ஜெம்சுக்’ என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் அதே கப்பல் கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றது. கரையிறங்கிய வீரர் கம்பியில்லாத் தந்தியின் கம்பத்தைச் சாய்த்தனர், கருவிகளை உடைத்தனர், வடத்தையும் வெட்டினர். ஆயினும் அயற்கப்பல் வந்த செய்தியை நிலையத்தார் அதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டிருந்தனர். அச்செய்தி கேட்டு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ அன்றே எம்டனை வீழ்த்தியது. செய்தி அந்நிலையத்திற்குள்ளேயே இருந்திருப்பின் கருவிகளோடு அழிந்திருக்கும். வலைக்கருவியும் இத்தகையதே. தன் தற்காலிக நினைவகத்தில் அது வைத்திருக்கும் பதிவு, மின்சாரம் நின்றால் அழியும். ஊடுருவியவன் கையாலும் அழியும். நிகழ்ந்தவுடனே வேறொரு சேவையகத்திற்கு அனுப்பப்பட்ட பதிவே எஞ்சும்.

மூன்றாவது வினா காலம் பற்றியது. பினாங்கின் கடிகாரம் ஒரே நிலையில் இருந்ததன்று. 1905 ஜூன் 1 முதல் அது கிரீன்விச் நேரத்திற்கு 7 மணி முந்தியிருந்தது. 1933-இல் 7 மணி 20 நிமிடமும், 1941-இல் 7 மணி 30 நிமிடமும் ஆயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே நடந்தது. போருக்குப்பின் மீண்டும் 7 மணி 30 நிமிடம். 1982 ஜனவரி 1 முதல் 8 மணி. எனவே ‘காலை 8 மணி’ என்று மட்டும் எழுதிய குறிப்பு, 1930-இல் கிரீன்விச் 1 மணியையும், 1950-இல் 12.30-ஐயும், 1990-இல் நள்ளிரவு 12 மணியையும் சுட்டும். இதே குறை சிஸ்லாக்கின் பழைய வடிவிலும் இருந்தது. 2001-இல் ஆவணப்படுத்தப்பட்ட அவ்வடிவின் நேரக்குறியில் ஆண்டும் இல்லை, நேர வலயமும் இல்லை. 2009-இல் வெளிவந்த புதிய வரையறை இரண்டிற்கும் இடமளித்தது. 1985-இல் டேவிட் மில்ஸ் வரையறுத்த வலை நேர நெறிமுறையால் கருவிகள் அனைத்தின் கடிகாரங்களையும் ஒன்றாக இயக்கவும் இயலும்.

இது நுணுக்கம் பற்றிய செய்தி மட்டும் அன்று. நீதி பற்றியதும் ஆகும். கணினிக்கூடத்தில் ஒரு குற்றம் நிகழ்ந்ததாகக் கொள்வோம். பதிவு உலகப் பொதுநேரத்தில் காலை 2 மணி என்கிறது. அது பினாங்கில் காலை 10 மணி, வகுப்பு நடக்கும் நேரம். இதனை அறியாதவர், நள்ளிரவில் எவரோ வெளியிலிருந்து நுழைந்ததாக முடிவுகட்டுவார். கடிகாரமே பிழையாயின், அந்நேரத்தில் அவ்விருக்கையில் இல்லாத மாணவர்மீது பழி விழும். ஆதலின் பதிவைக் காட்டி ஒருவரை வினவுமுன், அது எக்கடிகாரத்தைப் பின்பற்றியது, எந்நிலை வரை பதிந்தது, யார் கைபடக்கூடிய இடத்தில் இருந்தது என்ற மூன்றையும் ஆசிரியர் முதலில் வினவ வேண்டும். அவற்றுக்குரிய விடைகளைக் குற்றம் நிகழ்ந்தபின் உண்டாக்க இயலாது. கருவியை நிறுவும் நாளிலேயே அமைத்து வைத்தல் வேண்டும்.