அசையாத முகம்: மனச்சிதைவில் உணர்ச்சி வெளிப்பாட்டை மதிப்பிடுதல் – தருமபுரியை முன்வைத்து

1. சிக்கல்

வீட்டார் ‘மூஞ்சியில சுரத்தே இல்ல’ என்பதை மருத்துவர் ‘உணர்ச்சி மழுங்கல்’ என்று எழுதிக்கொள்கிறார். மனச்சிதைவுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908இல் வழங்கிய மனநல மருத்துவர் பிளாய்லர், உணர்ச்சிக் கோளாறை இந்நோயின் அடிப்படைக் குறிகளில் ஒன்றாகக் கொண்டார். முகம் வறண்டால் மனமும் வறண்டது என்ற முடிவு பின்னாளில் எளிதாக ஒட்டிக்கொண்டது.

அந்த முடிவை அசைத்தது உளவியலாளர்கள் ஆன் கிரிங், ஜான் நீல் இருவரின் 1996ஆம் ஆண்டு ஆய்வு. திரைப்படத் துணுக்குகளைப் பார்த்த நோயாளிகளின் முகம் மற்றவர்களைவிடக் குறைவாகவே அசைந்தது. ஆனால் உள்ளே உணர்ந்ததாகச் சொன்னது குறையவில்லை. தோலின் மின்கடத்தல் மாற்றமோ கூடுதலாகவே இருந்தது.

2. அளவுகோல்கள்

மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் 1980களில் வகுத்த அளவுகோல் முகம், கையசைவு, பார்வை, குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. 2013இல் வந்த ‘கெய்ன்ஸ்’ அளவுகோலின் 13 கூறுகளில் 4 மட்டுமே வெளிப்பாட்டுக்கு. மற்ற 9 ஊக்கத்துக்கும் இன்பத்துக்கும். இந்தப் பிரிப்பே சரி என்பது என் கருத்து.

3. இங்கே இடறும் இடங்கள்

பெரியவர் முன் தலைகுனிந்து பேசும் பெண்ணுக்குப் பார்வைக் குறைவு என்று மதிப்பெண் போடுவது அபத்தம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர் தருமபுரி மாவட்டத்தில் பலர். அவர்களின் குரலேற்றத்தைத் தமிழில் கேட்டு அளக்க முடியாது.

பெரிய இடறல் மருந்து. ‘மாத்திரை போட்டதிலிருந்து மரம் மாதிரி இருக்கான்’ என்று ஒரு தாய் சொன்னால், அது நோயறிதலுக்கான தகவல். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் பார்க்கின்சன் நோயைப் போல முகத்தை இறுக்கிவிடும். நோயாளி நடந்து வரும்போது கை வீச்சு குறைகிறதா, விரல் நடுங்குகிறதா, எச்சில் வழிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அது மருந்தின் வேலையாகலாம். அளவை மாற்றினால் முகம் இளகவும் கூடும். மனச்சோர்வும் இதே வேடம் போடும்.

4. செய்முறை

நோயாளி பெரும்பாலும் குடும்பத்தோடு இருப்பது நமக்கு வாய்த்த வசதி. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டே இயங்குகிறது. நோய்க்கு முன் நோயாளி எப்படிச் சிரிப்பார் என்று வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். இயல்பிலேயே உம்மென்று இருப்பவரும் உண்டே!

பிறகு நோயாளியிடம், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனதையோ, விடிய விடியக் கூத்து பார்த்ததையோ சொல்லச் சொல்லலாம். சொல்லும்போது முகத்துக்கு ஒரு மதிப்பெண். ‘அப்போ உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு?’ என்ற கேள்விக்கு வரும் பதில் தனித் தாளில்.