எழும்பூரில் ஏறி கொழும்பில் இறங்கு

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, எழும்பூரிலேயே கொழும்புவரை ஒரே டிக்கெட் எடுக்கலாம். போட் மெயிலில் தனுஷ்கோடி, கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடல், தலைமன்னாரில் மறுபடி ரயில். கேட்கவே உல்லாசமா இருக்குல்ல?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களுக்கு அப்படியில்லை. மண்டபம் முகாமில், காலரா, அம்மை பயத்தால் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பிறகுதான் கப்பல்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோனது. நாம் திரும்பத் திரும்பப் பேசுவது அந்தப் புயலைத்தான். அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அதன்படி, தலைமுறைகளாகத் தோட்டத்தில் உழைத்த குடும்பங்கள் இராமேஸ்வரத்தில் வந்திறங்கின. ஊரே தெரியாத அவர்களை முதலில் கொண்டுபோய் வைத்த இடம், மறுபடியும், மண்டபம் முகாம்.