கல்லின் மேலும் கல்லின் உள்ளும்

விழுப்புரம் வட்டாரத்துப் பனமலையில், ஏரியைப் பார்த்த குன்றின் மேல் நிற்கிறது தாளகிரீசுவரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் (சுமார் 700–728) கட்டியது. அங்கே கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று உண்டு. பக்கத்துச் சந்நிதிச் சுவரில், குடையின் கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியமும் உண்டு. ஓவியத்தில் மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். வர்ணம் கல்லின் மேல் பூச்சாக நின்றது. எழுத்து கல்லுக்குள் போனது. இரண்டின் விதியும் அதனாலேயே வேறாயிற்று.

இதை நான் யோசிக்க நேர்ந்தது அப்பாவின் நினைவுக்கல்லை முன்னிட்டு. செய்யக் கொடுத்த பட்டறையில் உளிச் சத்தமே இல்லை. மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் பலகையை மேஜையில் கிடத்தி, போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, லேசரை ஓடவிட்டான் ஒரு பையன். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கரியமில வாயு லேசர். பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் சோதனைச்சாலையில் 1964-ல் உண்டாக்கியது. கதிர் கண்ணுக்குத் தெரியாது. பட்ட இடம் சட்டென்று சூடேறி, மேற்பரப்பின் படிகங்கள் நுண்ணியதாக வெடித்து வெளிறுகின்றன. வெள்ளைப் புள்ளிகள் நெருங்கினால் நெற்றி, விலகினால் நிழல். கறுப்புக் கல்லையே கேட்பது அதனால்தான். வெளிர்க்கல்லில் இந்த வெளுப்பு எடுபடாது.

கல்லை எங்கள் நிலத்தில் வைத்தோம். முதல் மழையில் அப்பாவின் முகம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. காய்ந்ததும் திரும்பி வந்தது. நுண்பிளவுகளில் நீர் புகுந்தால் வெளுப்பு அடங்கிவிடும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை.

லேசர் வேலையைக் கல்வெட்டின் வாரிசு என்று நான் நினைத்திருந்தது தவறு. தொழில்முறையில் அது ஓவியத்தின் வாரிசு. கல்லின் தோலோடு நின்றுவிடுகிறது. கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுக்கிறார்கள். பள்ளம் இருப்பதால்தான் அது சாத்தியம். நமது சரித்திரத்தில் பெரும்பகுதி அந்தப் பள்ளங்களின் வழியே வந்தது.

அதற்காக உளியின் பெருமையைப் பாட எனக்கு மனமில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இதே ராஜசிம்மன் இருநூறுக்கு மேற்பட்ட விருதுப்பெயர்களைத் தனக்காக வெட்டுவித்துக்கொண்டான். உளி யாருக்குக் கிடைத்தது என்பதும் சரித்திரம்தான். ஆனால் அவனுக்கு முன்பே, மகேந்திரவர்மன் காலத்தில், செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்திக்கு நட்ட கல் அது. அவனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் அதில் உருவமும் பெயரும் உண்டு. உருவமும் எழுத்தும் ஒரே பலகையில், அரசன் அல்லாத ஒருவனுக்காக. அப்பாவின் கல், செய்த விதத்தில் பனமலை ஓவியத்துக்கு உறவு. செய்த காரணத்தில் எடுத்தனூருக்கு.

பிறகு, பெயரை மட்டும் உளியால் வெட்ட ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. லேசருக்காக நான் எழுதி வைத்திருந்த எட்டு வரிகளை எடுத்து வைத்துவிட்டேன். “பேரும் ஊரும் போதும்” என்றாள் அம்மா.

இப்போதும் மழையில் முகம் போய்விடுகிறது. பெயர் இருக்கிறது.